டெல்டிக் லோகோவைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

டீசல் லோகோ (ரயிலை இழுக்கும் வண்டி) பிரியர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பேச்சு எங்கே தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் டெல்டிக் பக்கம் வந்துவிடுவார்கள். பிரிட்டிஷ் ரயில்வே அதற்குக் கொடுத்த பெயர் கிளாஸ் 55. மொத்தமே 22 லோகோக்கள்தான். 1961-62இல் வந்தன, 1982 ஜனவரி 2ஆம் தேதி கடைசியாக ஓடின. அதாவது 20 வருடம். ஒரு மெயின்லைன் டீசல் லோகோவுக்கு இது குறைந்த ஆயுள்தான், அதே காலத்தில் வந்த வேறு சில வகைகள் இன்றும் சரக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி இருந்தும் 22இல் 6 முழுசாகத் தப்பியிருக்கின்றன, அவற்றில் சில மெயின்லைனிலேயே ரயில் இழுத்திருக்கின்றன. டெல்டிக்கைப் பெரிய ஆளாக்கியது அதன் இன்ஜின். சீக்கிரம் ஓய்வுக்கு அனுப்பியதும் அதே இன்ஜின். இன்று அதைக் காப்பாற்றுபவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதேதான். அதனால் முதலில் இன்ஜினைப் புரிந்துகொள்வோம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

இது ரயிலுக்காகப் பிறந்த இன்ஜினே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வேகப் படகுகள் பெட்ரோல் இன்ஜினில் ஓடின. வேகம் கிடைத்தது, ஆனால் குண்டு பட்டால் படகு தீப்பிடித்துவிடும். ஜெர்மன் படகுகளோ டீசலில் ஓடின. போர் முடிந்ததும் கடற்படைத் தலைமை கேட்டது இதுதான்: பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு லேசாக, ஆனால் மிகுந்த சக்தியோடு ஒரு டீசல் இன்ஜின் வேண்டும். 1946இல் அந்த வேலை நேப்பியர் நிறுவனத்துக்குப் போனது. நேப்பியர் அதற்கு முன்பு விமான இன்ஜின் செய்தவர்கள். 1930களில் ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனத்தின் விமான டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கி, கல்வெரின் என்ற பெயரில் செய்து பார்த்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது.

அந்த யுங்கர்ஸ் இன்ஜின் எதிரெதிர் பிஸ்டன் வகை. சாதாரண டீசலில் சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், மேலே மூடியாக ஹெட், அதில் வால்வுகள். எதிரெதிர் பிஸ்டன் வகையில் ஹெட்டே கிடையாது. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் இரு முனையிலிருந்தும் கிளம்பி நடுவில் நெருங்கும். இடையில் மாட்டிய காற்று அழுந்திச் சூடாகும், அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால் எரிந்து இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். வால்வுக்குப் பதில் சிலிண்டர் சுவரிலேயே துவாரங்கள்: ஒரு முனையில் காற்று உள்ளே வர, மறுமுனையில் புகை வெளியே போக. பிஸ்டன் போய்வரும்போதே அந்தத் துவாரங்களைத் திறந்து மூடிவிடும். டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எரிப்பு நடக்கும், எடைக்கு நிறைய சக்தி கிடைக்கும். ஒரே சிக்கல், இரண்டு முனையிலும் பிஸ்டன் இருப்பதால், அதன் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் வேண்டும். சிலிண்டர் ஒரே வரிசை, கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு என்றால் எடை ஏறிவிடும்.

மூன்று சிலிண்டர் வரிசைகளை முக்கோணமாக வைத்தால்? மூன்று மூலையிலும் ஒவ்வொரு கிராங்க்‌ஷாஃப்ட், ஒவ்வொன்றையும் பக்கத்திலுள்ள இரண்டு வரிசைகளும் பகிர்ந்துகொள்ளும். மூன்று வரிசைக்கு மூன்று கிராங்க்‌ஷாஃப்ட் போதும், ஆறு வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஆனால் புகைத் துவாரம் பக்கத்துப் பிஸ்டன் காற்றுத் துவாரம் பக்கத்துப் பிஸ்டனைவிடக் கொஞ்சம் முந்திப் போக வேண்டும், புகை முதலில் வெளியேறினால்தான் புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். மூன்று கிராங்க்‌ஷாஃப்ட்டும் ஒரே திசையில் சுற்றினால் இந்த முந்தலை மூன்று வரிசையிலும் கொண்டுவர முடியவில்லை. கடற்படையின் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பென்வார்டன் என்பவர்தான் வழி சொன்னார்: ஒரு கிராங்க்‌ஷாஃப்ட்டை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிடுங்கள். அவ்வளவுதான், கணக்கு சரியாகிவிட்டது. இயந்திர வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று. ஒரு பாகத்தைக்கூடப் புதிதாகச் சேர்க்காமல், சுழலும் திசையை மட்டும் மாற்றி ஒரு முழு வடிவமைப்பையே சாத்தியமாக்கிவிட்டார்.

இப்படி ஒன்றன் பின் ஒன்றாக ஆறு முக்கோணங்கள்: 18 சிலிண்டர், 36 பிஸ்டன், 3 கிராங்க்‌ஷாஃப்ட். மூன்றின் சுழற்சியையும் ஒரு பல்சக்கரப் பெட்டி சேர்த்து ஒரே தண்டில் வெளியே தரும். முனையிலிருந்து பார்த்தால் கிரேக்க எழுத்து டெல்டா போல இருப்பதால் இன்ஜினுக்கு டெல்டிக் என்று பெயர் வந்தது, அப்புறம் லோகோவுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

நேப்பியரை 1942லேயே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் வாங்கியிருந்தது. அவர்கள் லோகோ கட்டுபவர்கள். கையில் இப்படி ஒரு இன்ஜின் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? நிர்வாகத் தலைவராக இருந்த நெல்சன் பிரபுவின் ஆதரவில், ரயில்வே ஆர்டருக்குக் காத்திருக்காமல் சொந்தச் செலவில் ஒரு மாதிரி லோகோவைக் கட்டினார்கள். 1955இல் பிரெஸ்டன் ஆலையிலிருந்து அது வெளியே வந்தது. வெளிர்நீல வண்ணம், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் டெல்டிக் என்ற பெயர், மூக்கில் ஒரு பெரிய விளக்குக்கான இடம். பிரிட்டனில் அப்படி ஒரு விளக்கு அப்போது தேவையே இல்லை, வெளிநாட்டு விற்பனையை மனதில் வைத்துச் செய்தது.

இதில் புத்திசாலித்தனமான முடிவு, இன்ஜினை முழு வேகத்துக்கு விரட்டாததுதான். படகில் அதே 18 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 2,500 குதிரைத்திறன் கொடுத்தது. ரயிலில் 1,500 சுற்று, 1,650 குதிரைத்திறன் போதும் என்று இறக்கிவிட்டு, ஒரு லோகோவுக்கு இரண்டு இன்ஜின் வைத்தார்கள். மொத்தம் 3,300 குதிரைத்திறன். ஒவ்வொரு இன்ஜினும் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களுக்குப் போகும். வழியில் ஒரு இன்ஜின் படுத்துவிட்டாலும் மற்றதை வைத்துப் பாதிச் சக்தியில் ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பயணிகளுக்குத் தெரியாமலேயே இப்படிப் பல ரயில்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அன்றைக்கு இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். அதே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் அதே காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கட்டிய கிளாஸ் 40, நிமிடத்துக்கு 850 சுற்றில் நிதானமாக ஓடும் பெரிய இன்ஜின் கொண்டது. எடை 133 டன், சக்தி 2,000 குதிரைத்திறன். டெல்டிக் 99 டன்னில் 3,300. நம்ம ஊரில் எல்லோரும் பார்த்து வளர்ந்த இந்திய ரயில்வே டீசல் லோகோ டபிள்யூடிஎம்-2 சுமார் 113 டன்னில் 2,600. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டெல்டிக் ஏதோ அடுத்த தலைமுறை லோகோ மாதிரி இருக்கும், ஆனால் மூன்றுமே ஏறக்குறைய சமகாலம்.

பிரிட்டிஷ் ரயில்வேயில் எல்லோருக்கும் இது வேண்டியிருக்கவில்லை. அதிவேக இன்ஜின் என்றாலே சந்தேகப்படும் பொறியாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையை மின்மயமாக்கும் திட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பாதையின் போக்குவரத்து நிர்வாகத்தில் இருந்த ஜெரார்ட் ஃபைன்ஸ், மின்சாரம் வரும்வரை காத்திருக்க முடியாது, மின்சார ரயில் வேகத்தை டீசலில் இப்போதே கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றார். 1958இல் 22 லோகோக்களுக்கு ஆர்டர் போனது, கணக்குப்படி அவை 55 நீராவி லோகோக்களின் வேலையைச் செய்ய வேண்டும். நீராவி லோகோ ஒரு நீண்ட ஓட்டம் முடித்தால் ஷெட்டுக்குப் போய்ச் சாம்பல் தள்ளி, நிலக்கரி ஏற்றி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். டெல்டிக் டீசல் நிரப்பிக்கொண்டு அடுத்த ரயிலோடு திரும்பிவிடும். 22ம் கட்டப்பட்ட இடம் நியூட்டன்-லி-வில்லோஸில் இருந்த வல்கன் ஃபவுண்டரி. 1853இல் பம்பாய்-தாணே முதல் பயணிகள் ரயிலுக்கு லோகோ கட்டி அனுப்பியதும் அதே ஆலைதான்.

பராமரிப்புக்குச் செய்துகொண்ட ஏற்பாடுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். இன்ஜினை லோகோவுக்குள் வைத்தே பழுதுபார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும், அல்லது ஏதாவது பெரிய கோளாறு வந்ததும், கூரையைத் திறந்து இன்ஜினை முழுசாகத் தூக்கி வெளியே வைத்து, ஏற்கெனவே சரிபார்த்து வைத்த இன்னொன்றை உள்ளே இறக்கிவிடுவது. லோகோ சீக்கிரமே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், பழைய இன்ஜின் ஆலைக்குப் போய் நிதானமாகச் சரியாகும். விமானத் துறையின் பழக்கம் அது, நேப்பியரோடு சேர்ந்து ரயிலுக்கு வந்தது. இதனால் எந்த டெல்டிக் லோகோவுக்கும் 'சொந்த' இன்ஜின் என்று ஒன்று கிடையாது. இருபது வருடத்தில் எத்தனையோ இன்ஜின்கள் வந்து போயின. பின்னால் பழைய லோகோக்களைப் பாதுகாக்கும் விஷயத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் அவை எதிர்பார்த்ததைக் கொடுத்தன. 1962 கோடைக் கால அட்டவணையில் லண்டன்-எடின்பரோ, 393 மைல், ஆறு மணி நேரத்துக்கு இறங்கியது. பாதையைச் செப்பனிடச் செப்பனிட, 1970களில் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி வந்தது. அதிகபட்ச வேகம் மணிக்கு 100 மைல், அதை மணிக்கணக்கில் பிடித்து ஓடும். லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் ஷெட்டின் எட்டு லோகோக்களுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர் (துல்யார், அலிசிடன், மெல்ட், பின்ஸா...), கேட்ஸ்ஹெட், ஹேமார்க்கெட் ஷெட் லோகோக்களுக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர். குதிரைப் பெயர் வைப்பது அந்தப் பாதையின் நீராவிக் காலத்து வழக்கம், டீசல் வந்தபோதும் அதை விடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, குறைகள். இவ்வளவு சக்தியை இவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தால் வெப்பமும் அழுத்தமும் எங்காவது வேலையைக் காட்டத்தான் செய்யும். சிலிண்டர் லைனர்களின் (உள் உறைகளின்) அடைப்புகள் விட்டு குளிர்நீர் கசிவது, பிஸ்டன் கோளாறு, இவையெல்லாம் ஷெட் ஆட்களுக்குப் பழகிப்போனவை. இன்னொன்று புகை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது எரியாத எண்ணெய் புகைக்கூட்டுத் தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். கிளம்பும்போது திராட்டிலைத் திறந்ததும் சூடான புகையோடு அதுவும் சேர்ந்து வெளியே வரும். கிங்ஸ் கிராஸ் கூரைக்கு அடியில் எழும் அந்த நீலவெள்ளை மேகம் படம் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், ஆனால் அந்த எண்ணெய் சில சமயம் தீயும் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், 22 லோகோக்களுக்காக மட்டும் தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி, தனிப் பட்டறை வரிசை. கணக்கு எழுதுபவர் கண்ணில் இது உறுத்தாமல் இருக்குமா?

1978இல் அதே பாதைக்கு இன்டர்சிட்டி 125 ரயில்கள் வந்தன. இரு முனையிலும் 2,250 குதிரைத்திறன் பவர் கார், மணிக்கு 125 மைல். அதோடு டெல்டிக்கின் முதல் வரிசை வேலை போய்விட்டது. யார்க், ஹல் பக்கம் போகும் இரண்டாம் நிலை ரயில்கள், இரவு ரயில்கள் என்று இறங்கின. பெரிய பழுது வந்தால் சரிசெய்யாமல் நிறுத்தி, மற்றவற்றுக்குப் பாகம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1980 தொடக்கத்தில் முதல் இரண்டு கழிக்கப்பட்டன, 1981 டிசம்பர் 31உடன் வழக்கமான ஓட்டம் நின்றது. 1982 ஜனவரி 2 அன்று கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு 55015 துல்யாரும், திரும்பி வர 55022 ராயல் ஸ்காட்ஸ் கிரேவும் இழுத்த பிரியாவிடை ரயிலைப் பார்க்க வழியெங்கும் கூட்டம். அப்புறம் டான்காஸ்டர் பட்டறையில் ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.

இங்கேதான் பாதுகாப்புக் கதை தொடங்குகிறது, சரியாகச் சொன்னால் அதற்கு ஐந்து வருடம் முன்பே தொடங்கிவிட்டது. டெல்டிக் பாதுகாப்புச் சங்கம் 1977லேயே அமைந்தது, லோகோக்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இது ரொம்ப முக்கியம். ஒரு வகை லோகோ ஒழிந்த பிறகு ஆசைப்பட்டுத் தேடினால் இரும்புக் கூடுதான் கிடைக்கும். முன்னாலேயே அமைப்பும் பணமும் தயாராக இருந்ததால்தான், கழித்துவிட்ட லோகோவை மட்டுமல்ல, அதை ஓட்டத் தேவையான உதிரிபாகத்தையும் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. 1982இல் 55009 அலிசிடன், 55019 ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியர் இரண்டையும் வாங்கி வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வேக்குக் கொண்டுபோனார்கள், 1986இல் 55015 துல்யாரும் அவர்களிடம் வந்தது. 55022ஐயும் 55016 கார்டன் ஹைலேண்டரையும் வேறொரு குழு வாங்கியது. 55002ஐ யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. இவைதான் அந்த ஆறு. 1955 மாதிரி லோகோவும் தேசியச் சேகரிப்பில் இருக்கிறது. இவை போக இரண்டு லோகோக்களின் கேபின் முனைகள் மட்டும் வெட்டி எடுத்துக் காப்பாற்றப்பட்டன.

நீராவி லோகோவைக் காப்பாற்றுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீராவியில் எதுவுமே திரும்பச் செய்யக்கூடியது. பாய்லரைப் புதிதாகக் கட்டலாம், சிலிண்டரை வார்க்கலாம். 2008இல் பிரிட்டனில் டொர்னேடோ என்ற முழு நீராவி லோகோவையே புதிதாகக் கட்டி மெயின்லைனில் ஓட்டிவிட்டார்கள். டெல்டிக் இன்ஜினை அப்படிப் புதிதாக யாரும் செய்ததில்லை. மூன்று கிராங்க்‌ஷாஃப்ட்டைத் தாங்கும் கிராங்க்கேஸ், நுட்பமான அளவில் கடைந்த லைனர்கள், பல்சக்கரப் பெட்டி எல்லாம் ஒரு விமான இன்ஜின் ஆலையின் துல்லியத்தில் செய்தவை, அந்த ஆலையே இன்றில்லை. கடற்படையில் ஹண்ட் வகைக் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் ஒன்பது சிலிண்டர் டெல்டிக் இன்ஜின்களைப் பல வருடம் ஓட்டிக்கொண்டிருந்ததால், அதுவரை அந்த வித்தை தெரிந்தவர்களும் பாகங்களும் எங்காவது இருந்தார்கள். அந்தக் கப்பல்களுக்கும் இப்போது கேட்டர்பில்லர் இன்ஜின் மாற்றியாகிவிட்டது. ஆகவே மிச்சமிருப்பது சங்கத்தின் கிடங்கில் உள்ள இருப்பும், பார்ரோ ஹில்லில் உள்ள அவர்களது ஷெட்டில் வேலை செய்யும் தன்னார்வலர்களின் கைப்பழக்கமும்தான்.

அப்படியானால் ஓட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா? ஒவ்வொரு மணி நேர ஓட்டமும் திரும்பக் கிடைக்காத பாகத்தைத் தேய்க்கிறது, அதனால் அருங்காட்சியகத்தில் துடைத்து வைப்பதே சரி என்பவர்கள் உண்டு. நான் ஓட்ட வேண்டும் என்கிற பக்கம். நின்றுகொண்டிருக்கும் டெல்டிக்கில் பார்க்க அதிகம் இல்லை, வெளியிலிருந்து அது சராசரியான ஒரு பெட்டி லோகோ. முக்கோணத்துக்குள் நடப்பதுதான் அதன் சிறப்பு, அது ஓடினால்தான் தெரியும். அதைவிட, ஓடாமல் கிடந்தால் அடைப்புகள் காய்ந்து போகும், தெரிந்தவர்கள் வயதாகிப் போவார்கள், பழகிய கைகள் அடுத்த கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சந்தர்ப்பமே இருக்காது. அசல்தன்மை கெடும் என்ற வாதமும் இங்கே நிற்காது. முன்னால் சொன்ன மாற்று ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள், வேலையில் இருந்த காலத்திலேயே இன்ஜின் மாறிக்கொண்டேதான் இருந்தது. இன்று ஒரு டெல்டிக்கில் வேறொன்றின் இன்ஜினை இறக்கினால் அது அந்த லோகோவின் இயல்பான வாழ்க்கையின் தொடர்ச்சிதான்.

ஓட்டத்துக்குத் தடையாக இருந்தது விதியும்தான். தனியார் டீசல் லோகோ மெயின்லைனில் வர பிரிட்டிஷ் ரயில்வே அனுமதிக்கவில்லை, 90களின் நடுவில் ரயில்வே தனியார்மயமான பிறகுதான் கதவு திறந்தது. 1996 நவம்பர் 30 அன்று ராயல் ஸ்காட்ஸ் கிரே கிங்ஸ் கிராஸ்-எடின்பரோ பாதையில் மறுபடி ரயில் இழுத்தது. அப்புறம் வர்ஜின் நிறுவனத்துக்காகக் கோடைச் சனிக்கிழமைகளில் பர்மிங்ஹாம்-ராம்ஸ்கேட் ரயில்கள். 2011இல் நார்த் பிளைத்திலிருந்து லைன்மவுத் அலுமினிய ஆலைக்கு அலுமினா சரக்கு. பாதுகாக்கப்பட்ட லோகோ காட்சிக்காக இல்லாமல் வாடகைக்குப் போய்ச் சரக்கு இழுத்தது என்றால், அதை நல்ல நிலையில் வைத்திருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் செலவும் அந்த அளவு. நவீனப் பாதுகாப்புக் கருவிகள், ஓட்டப் பதிவுக் கருவி எல்லாம் பொருத்தினால்தான் பாதைக்கு அனுமதி. ராயல் ஸ்காட்ஸ் கிரேவை மெயின்லைனுக்குத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டிய நிறுவனம் 2004இல் நொடித்தே போனது. லோகோ கைமாறித் தப்பியது.

கார்டன் ஹைலேண்டரின் கதை இன்னும் சிக்கல். ராயல் ஸ்காட்ஸ் கிரேவுக்கு உதிரிபாகம் எடுக்கத்தான் அதை வாங்கினார்கள், பிறகு மனம் மாறி அதையும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறையும் ஓட்டுவதா, இரண்டை மற்றவற்றுக்காக ஒதுக்குவதா என்ற கேள்வி பாகங்கள் தீரத் தீர மறுபடி வரும், அப்போது ஒதுக்குவதே நேர்மையான முடிவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பார்ரோ ஹில்லில் நடக்கும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். பெரிய டெல்டிக்குக்கு முன்பே, 1959இல், ஒன்பது சிலிண்டர் இன்ஜின் ஒன்றை வைத்து 1,100 குதிரைத்திறனில் பத்து சின்ன லோகோக்கள் வந்தன. கிளாஸ் 23, செல்லமாக பேபி டெல்டிக். கோளாறுகள் தாங்காமல் 1971க்குள் எல்லாம் கழிக்கப்பட்டன, ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பியது ஒரே ஒரு இன்ஜின். அந்த இன்ஜினுக்காக ஒரு குழு கிளாஸ் 37 லோகோ ஒன்றின் உடலைச் சுருக்கி, புதிதாக ஒரு பேபி டெல்டிக் உருவாக்கும் வேலையில் இறங்கியது. அந்த வகையில் பத்து லோகோக்கள்தான் கட்டப்பட்டன, D5909 வரை எண் போனது. அதனால் இதற்கு D5910 என்று அடுத்த எண்ணையே கொடுத்தார்கள். இதைப் போலி என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். உடல் வேறு லோகோவினுடையது என்பது உண்மைதான், ஆனால் இன்ஜின் அசல். இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை நான் இன்ஜினைத்தான் கணக்கில் எடுப்பேன்.